நாற்பத்து நான்காம் நாள்

1961 டிசம்பர் 9. கிழக்கு ஆப்பிரிக்காவிலே டாங்கனிக்கா என்னும் நாடு, அன்னியர் ஆட்சி அகன்று, தன்னைத் தானே ஆளத் தொடங்கிய நாள். கிளிமஞ்சாரோ மலையின் உச்சியிலே புதிய கொடி பறந்தது. பக்கத்திலே தீப்பந்தம் ஒளிர்ந்தது. டார் எஸ் சலாம் நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. முப்பத்தொன்பது வயதே நிரம்பிய ஒருவர், சில ஆண்டுகட்கு முன்பு வரை பள்ளிக்கூடத்திலே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அந்நாட்டின் பிரதமராக வீற்றிருந்தார்.

நாட்கள் நகர்ந்தன. விழா மேடையின் தோரணம் வாடி முடியவில்லை. 1962 ஜனவரி 22, விடுதலைக்குப் பின் நாற்பத்து நான்காம் நாள், அந்தப் பிரதமர் பதவி வேண்டாமென்று கூறிவிட்டு வெளியே வந்துவிட்டார்!

ஏன்? மக்கள் கைவிட்டனரா? 1960-ஆம் ஆண்டுத் தேர்தலில் 71 இடங்களில் 70 இடங்களை அவர் கட்சி வென்றிருந்தது. துப்பாக்கி ஏந்தியோர் துரத்தினரா? இல்லை. பிணியா? அதுவும் இல்லை. தம் தோழர் ரஷீது கவாவாவை அந்த ஆசனத்தில் அமர்த்திவிட்டுத் தாம் கட்சி வேலைக்குப் போவதாக அறிவித்தார். விடுதலைதான் வந்துவிட்டதே, இனி நமக்கென்ன வேலை என்று உறங்கத் தொடங்கிய இயக்கத்தை எழுப்ப வேண்டும்; நாட்டுப்புறத்துக் கிளைகளைச் செப்பனிட வேண்டும்; அரசுக்கும் ஊருக்கும் இடையே பாலம் சமைக்க வேண்டும். அவர் தந்த விளக்கத்தின் சாரம் இதுதான்.

அவர் ஜூலியஸ் நைரேரே. 'ம்வாலிமு' என்பது அவருக்கு மக்கள் சூட்டிய பெயர்; சுவாஹிலி மொழியிலே 'ஆசிரியர்' என்று பொருள். 1999-ல் அவர் மறைந்த பின்னும் அந்நாடு அவரைத் தேசத் தந்தை என்றே போற்றி வருகிறது.

தோழர்களே! ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எங்கோ இருக்கும் ஆப்பிரிக்க நாட்டுக் கதையை இந்த ஏடு ஏன் உங்கள் முன் விரிக்கிறது என்று கேட்பீர்கள். கட்சி என்றால் என்ன, ஆட்சி என்றால் என்ன, முன்னது பின்னதைப் பெற்றெடுத்த பிறகு தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவு யாது என்ற கேள்வி, ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. தேர்தல் முடிவு வெளியான மறுநாள், கிளை அலுவலகத்துப் படிக்கட்டில் கூட்டம் குறைந்து கோட்டை வாசலில் கூட்டம் பெருகும் காட்சியைப் பார்த்திராதவர் நம்மில் யார்? சுவரொட்டி ஒட்டியவன் கையிலே மனு. கொடி தூக்கியவன் கண்ணிலே ஒப்பந்தம். வட்டச் செயலாளர் வீட்டுத் திண்ணையிலே சிபாரிசுக் கடிதத்துக்குக் காத்திருக்கும் வரிசை. ஊரார் குறை கேட்கப் போக வேண்டியவன், தன் குறை சொல்லப் போய்விடுகிறான். இந்த நோய்க்கு மருந்து தேடிப் புறப்பட்ட ஒருவருடைய வரலாறு நமக்கு வேண்டியதே. அந்த மருந்து முழுமையாகப் பலித்ததா? இல்லை. அதனையும் சொல்லத்தான் போகிறேன்.

விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே புட்டியாமா என்ற சிற்றூர். 1922-ல் அங்கே ஜனாகி என்னும் சிறிய இனக்குழுவின் தலைவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார் நைரேரே. தந்தைக்கு மனைவியர் இருபதுக்கும் மேற்பட்டோர். இவர் தாயார் ஐந்தாமவர். இன வழக்கப்படி முன்பற்களைக் கூராக அராவிக்கொண்ட சிறுவன், ஆடு மேய்த்துத் திரிந்துவிட்டுப் பன்னிரண்டாம் வயதில்தான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தான். பின்னர் டபோரா, கம்பாலாவின் மக்கரேரே, கடைசியில் ஸ்காத்லாந்தின் எடின்பரோ. 1952-ல் எம்.ஏ. பட்டத்தோடு திரும்பி, டார் எஸ் சலாமுக்கு அருகே பூகு என்ற ஊரில் ஆசிரியரானார்.

சின்னஞ்சிறு இனக்குழுவிலே பிறந்தது அவருக்குப் பேறாக வாய்த்தது என்பேன். நூற்றுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாடு அது. பெருங்குழு ஒன்றின் மகனாக இருந்திருந்தால், மற்றவர்கள் ஐயத்தோடு பார்த்திருப்பர். அரசியலில் சில வேளை எண்ணிக்கைச் சிறுமையும் பலம்!

1954 ஜூலை 7-ஆம் நாள் டாங்கனிக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம், சுருக்கமாக 'டானு', பிறந்தது. மறு ஆண்டு, ஐக்கிய நாடுகள் அவையின் முன் தம் நாட்டு மக்களின் கோரிக்கையைச் சொல்லிவிட்டு வந்தவரிடம், ஆசிரியர் வேலையா அரசியலா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றனர். வேலையை உதறினார்.

இயக்கம் வளர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. படித்தோர் கூடிப் பேசும் சங்கமாக அது நின்றிருந்தால், தீர்மானங்களோடு முடிந்திருக்கும். பீபி தீத்தி முகமது என்னும் பெண்மணி, டார் எஸ் சலாம் நகரத்துப் பெண்களைத் திரட்டினார். வீட்டிலே மது காய்ச்சி விற்றுப் பிழைத்தவர்கள், கூத்துக் குழுவில் ஆடிப் பாடியவர்கள் இவர்களையெல்லாம் ஆயிரக்கணக்கில் உறுப்பினராக்கினார். பெரிய பட்டம் பெற்றவர் எழுதிய கொள்கையை, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பெண்கள் தெருத்தெருவாகச் சுமந்தனர்.

கட்சி ஏட்டைப் பற்றியும் ஒரு சொல். 'சவுத்தி யா டானு', அதாவது 'டானுவின் குரல்', என்ற சிறு மடலை நைரேரே நடத்தி வந்தார். மாவட்ட அதிகாரிகளான வெள்ளையரின் அடாத செயல்களை அதில் எழுதியதற்காக 1958-ல் அவதூறு வழக்கு வந்தது. 3,000 ஷில்லிங் அபராதம், அல்லது ஆறு மாதச் சிறை என்றது தீர்ப்பு. அபராதத்தைக் கட்டினார். சிறைக்குப் போயிருந்தால் புகழ் இன்னும் பெருகியிருக்குமே என்று கேட்பவர் உண்டு. உண்மைதான், ஆனால் தேர்தல் வாசலில் நின்றது. சிறைக்கதவுக்குள் தாம் இருக்க, வெளியிலே ஆத்திரம் கட்டுமீறிப் போவதையா அவர் விரும்புவார்? தியாகத்திலும் கணக்கு உண்டு.

அந்தத் தேர்தல் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நைரேரேயின் அறிவு எத்தகையது என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை.

அன்றைய டாங்கனிக்காவில் ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 90 இலட்சம். வெள்ளையர் இருபதாயிரம் அளவினர். இந்திய வழியினரான ஆசியர் ஓர் இலட்சத்துக்கும் குறைவு. பிரிட்டிஷ் அரசு ஒரு தேர்தல் முறையை வகுத்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று உறுப்பினர்: ஓர் ஆப்பிரிக்கர், ஓர் ஐரோப்பியர், ஓர் ஆசியர். வாக்களிப்பவர் மூன்று இனத்தாரில் ஒவ்வொருவருக்கும் கட்டாயம் வாக்களித்தாக வேண்டும். ஒருவருக்கு மட்டும் அளித்தால் சீட்டு செல்லாது. வாக்குரிமையோ படிப்பு, வருமானம், பதவி உடையோர்க்கு மட்டுமே. 90 இலட்சமும் 20 ஆயிரமும் தராசில் சமம்! இதற்குப் பெயர் பல்லின ஆட்சியாம். கொதிக்காதா இரத்தம்?

கொதித்தது. 1958 ஜனவரியில் டபோராவில் டானுவின் மாநாடு. வந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளத்தில் ஒரே சொல்: புறக்கணிப்பு. இந்த இழிவான தேர்தலில் கால் வைப்பதா? மானமுள்ள கட்சி செய்யும் செயலா? அந்த உணர்ச்சியை உங்களால் எளிதில் உணர முடியும். புறக்கணிப்பு என்று முழங்கியிருந்தால் நைரேரேக்கு அன்று கிடைத்திருக்கக்கூடிய கைதட்டல், மாநாட்டுப் பந்தலையே பெயர்த்திருக்கும்.

அவர் கைதட்டலைத் தேடவில்லை. நாம் புறக்கணித்தால் இடங்கள் வெற்றிடமாக நிற்குமா? நிற்காது. வெள்ளையர் ஆசியோடு தோன்றிய ஐக்கிய டாங்கனிக்கா கட்சி அவற்றை நிரப்பும். பிறகு நாட்டின் பெயரால் பேசும் உரிமையும் அதற்கே போகும். முறை கேடானது என்பதில் ஐயமில்லை; அந்தக் கேடான முறைக்குள்ளே நுழைந்துதான் அதனை உடைக்க முடியும் என்று வாதாடினார். தலைவர் சொன்னார் என்பதற்காக எவரும் தலையாட்டவில்லை. விவாதம் நாட்கணக்கில் நடந்தது. இறுதியில் மாநாடு அவர் பக்கம் திரும்பியது. மனம் ஒப்பாத சுபேரி ம்டெம்வு வெளியேறித் தனிக்கட்சி கண்டார்.

விளைவு? மூன்று இனத்து வேட்பாளரிலும் தம் கொள்கையை ஏற்றவர் எவரோ அவரை டானு ஆதரித்தது. வெள்ளையரைப் பிரிப்பதற்கென வகுத்த முறை, வெள்ளையருள்ளும் ஆசியருள்ளும் விடுதலைக்கு நண்பர்களைத் தேடித் தந்தது. 1958 செப்டம்பரிலும் 1959 பிப்ரவரியிலும் இரு கட்டமாக நடந்த தேர்தலில் டானுவின் ஆதரவு பெற்றோரே எல்லா இடங்களையும் வென்றனர். ஐக்கிய டாங்கனிக்கா கட்சி அடையாளம் இழந்தது. டபோரா முடிவை அந்நாட்டார் 'அறிவார்ந்த முடிவு' என்றே பெயரிட்டு நினைவுகூர்வர். 1962-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நைரேரேயை எதிர்த்து நின்ற ம்டெம்வு பெற்ற வாக்கு நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை.

மூன்று நிறத்தாரையும் சேர்த்து வென்ற அந்தத் தேர்தல், வெறும் தந்திரமாக இருந்ததா, கொள்கையாக இருந்ததா? 1961 அக்டோபரில் சோதனை வந்தது. புதிய நாட்டின் குடியுரிமை யாருக்கு? கறுப்பு நிறத்தவர்க்கு மட்டுமே என்ற குரல் அவருடைய கட்சி உறுப்பினரிடமிருந்தே எழுந்தது. நைரேரே சீறினார். நிறத்தை வைத்துக் குடிமகனை அளப்பது, இட்லரின் கொள்கை, தென்னாப்பிரிக்க வெறியரின் கொள்கை என்று இடித்துரைத்தார். இந்தச் சட்டம் தோற்றால் அரசு விலகும் என்றார். சட்டம் நிறைவேறியது. அமீர் ஜமால் போன்ற இந்திய வழித் தோழர்கள் அவர் அமைச்சரவையில் நெடுங்காலம் இருந்தனர். இத்தனையும் விடுதலைக்கு முந்திய ஈராண்டு மூவாண்டிலேயே நடந்து முடிந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆக, 1962 ஜனவரியில் கோட்டையை விட்டு வெளியே வந்தவர், தோல்வியால் சோர்ந்தவர் அல்லர். வெற்றியின் உச்சியில் நின்றவர். கட்சிக்குள் எழுந்த முணுமுணுப்பும் விலகலுக்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். வெள்ளை அதிகாரிகளை விரைந்து அகற்றவில்லை என்ற குறை அப்போது பலமாக இருந்தது. கவாவா வந்தபின் அந்த வேலை வேகம் பிடித்தது. இருக்கட்டும். முணுமுணுப்பு எழுந்தபோது, முணுமுணுத்தவரை நீக்கிய தலைவர்களை உலகம் நிறையக் கண்டிருக்கிறது. தம்மையே நீக்கிக்கொண்டவர் எத்தனை பேர்?

அந்த ஆண்டு முழுவதும் அவர் நாட்டுப்புறத்திலே சுற்றினார். 'உஜாமா' என்னும் தம் கொள்கைக்கு அடிப்படையான சிறுநூலை எழுதியதும் அக்காலத்தில்தான். குடும்பத்திலே எல்லாரும் உழைப்பர், எல்லாரும் உண்பர், விருந்தினனும் சில நாளில் மண்வெட்டி பிடிப்பான். அந்தக் குடும்பப் பண்பை நாட்டளவுக்கு விரிப்பதே நம் சமதர்மம் என்பது அதன் கரு. டிசம்பரில் நாடு குடியரசானபோது, மக்கள் வாக்கினால் குடியரசுத் தலைவராகத் திரும்பினார்.

அந்தப் பயணத்தின் விதை பின்னர் ஓர் அமைப்பாக முளைத்தது. பத்து வீட்டுக்கு ஒரு கட்சிக் கிளை. அந்தப் பத்து வீட்டாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவர். அவருக்கு மக்கள் வைத்த பெயர் 'பலோசி'. சுவாஹிலியில் 'தூதர்' என்று பொருள். எவ்வளவு அழகான பெயர்! மாமன்னர் அவைக்குத்தான் தூதர் உண்டா? பத்துக் குடிசைக்கும் உண்டு! குடிசையின் குறையை அரசவைக்குச் சொல்லவும், அரசவையின் கருத்தைக் குடிசைக்கு உணர்த்தவும் ஒரு தூதர்.

தூதர் என்ற அந்தச் சொல்லைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூதர் எந்தத் திசையில் நடக்கிறார் என்பதைக் கொண்டே இனி வரும் கதையை அளக்க வேண்டும்.

1965-ல் டாங்கனிக்கா (ஓராண்டுக்கு முன்பே சான்சிபாரோடு இணைந்து தான்சானியா ஆகிவிட்டது) சட்டப்படி ஒரு கட்சி நாடாயிற்று. ஒரு கட்சி ஆட்சி என்றதும் நமக்கு முகம் சுளிக்கும், சுளிக்க வேண்டியதுதான். எனினும் நைரேரே அதற்குள்ளும் ஒரு வாசலைத் திறந்து வைத்தார். ஒவ்வொரு தொகுதியிலும் கட்சியே இரண்டு வேட்பாளரை நிறுத்தும். ஒருவருக்கு மண்வெட்டிச் சின்னம், மற்றவருக்கு வீட்டுச் சின்னம். தேர்வது மக்கள். அமைச்சர் சிலரே அந்தத் தேர்தலில் மண்ணைக் கவ்வினர். உழவன் ஒருவன் தன் அமைச்சரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. தலைமைப் பீடத்தை மட்டும் தொட முடியாது. பாதி வாசல்!

1966 அக்டோபரில் பல்கலைக்கழக மாணவர்கள் கோட்டைக்கு ஊர்வலம் வந்தனர். தேசியத் தொண்டுக்குக் குறைந்த ஊதியத்தில் தங்களை அனுப்புவது அநீதி, அன்னிய ஆட்சியே மேல் என்ற பொருள்பட அட்டைகள் ஏந்தி வந்தனர். நைரேரே கடுங்கோபம் கொண்டார். ஏறத்தாழ 400 பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார். அது கடுமை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதே இடத்தில், நம் ஊதியங்கள்தாம் இந்த நோயின் மூலம் என்று கூறித் தம் சம்பளத்தில் நூற்றுக்கு இருபதைக் குறைத்தார். அமைச்சர்களின் சம்பளத்தையும் குறைத்தார். மாணவரைத் தண்டித்த கையாலேயே தம்மையும் தண்டித்துக்கொண்டார்.

மூன்றே மாதத்தில், 1967 பிப்ரவரி 5-ஆம் நாள், அருஷா பிரகடனம் வெளியாயிற்று. வங்கிகளும் பெருந்தொழில்களும் பொதுவுடைமையாயின. உலகம் அதைத்தான் பேசிற்று. கட்சித் தோழர்கள் உற்று நோக்க வேண்டிய பகுதி வேறு. கட்சியிலோ ஆட்சியிலோ தலைமைப் பொறுப்பில் உள்ளவன் கம்பெனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது. தனியார் கம்பெனியில் இயக்குநராக இருக்கக் கூடாது. இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது. வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது. மனைவி பெயருக்கு மாற்றிவிட்டுத் தப்பவும் வழியில்லை. விதி மனைவிக்கும் பொருந்தும்! மேடையிலே சமதர்மம், வீட்டிலே வாடகைச் சீட்டு என்ற இரட்டை வாழ்வுக்கு வைத்த வெடி அது. அந்த விதி யாருக்குக் கசந்திருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்திருப்பீர்கள். இனிச் சொல்லப் போவது நெஞ்சைக் கனக்கச் செய்யும். சொல்லாது விட்டால் இது வரலாறு ஆகாது, வாழ்த்துப் பத்திரம் ஆகிவிடும்.

நாட்டின் தென்கோடியிலே ரூவுமா என்ற பகுதி. அங்கே லிட்டோவா என்னும் இடத்தில், டானுவின் இளைஞர் அணியைச் சேர்ந்த சிலர், எவரும் ஆணையிடாமலே, காட்டைத் திருத்திக் கூட்டாகப் பயிரிட்டு வாழத் தலைப்பட்டனர். பஞ்சமும் பட்டினியும் கண்டு பாதிப்பேர் ஓடினர்; எஞ்சியவர் நின்றனர், வென்றனர். அவர்களைப் பார்த்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்தன. பதினைந்துக்கு மேற்பட்ட ஊர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கமாயின. தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளி நடத்தினர். என்ன விதைப்பது, யாருக்கு என்ன வேலை என்பதையெல்லாம் ஊர்க்கூட்டமே முடிவு செய்தது. நைரேரே ஏட்டிலே எழுதிய உஜாமா, மண்ணிலே முளைத்துக் கதிர் விட்டிருந்தது. அவர் அதைக் கண்டு மகிழ்ந்தார். நாட்டுக்கே முன்மாதிரி என்றார்.

ஆனால் அந்த ஊர்களுக்கு ஒரு 'குற்றம்' இருந்தது. மாவட்ட அதிகாரி வந்து இதைப் பயிரிடு, அதைப் பயிரிடாதே என்றால், கூட்டம் கூட்டிப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்! கட்சி அலுவலர்களுக்கு இது பிடிக்குமா? தங்களைக் கேளாமல் சமதர்மம் நடப்பதா? 1969 செப்டம்பரில் டானுவின் மையக் குழு கூடி அந்தச் சங்கத்தைக் கலைத்தது. கட்சியின் தலைவர் நைரேரே. தடுத்து நிறுத்த அவரால் இயலவில்லையோ, துணியவில்லையோ, கலைப்பு நடந்தேறியது. தானாக முளைத்த பயிரைத் தோட்டக்காரர்களே பிடுங்கி எறிந்தனர்.

பயிரைப் பிடுங்கிய பின் என்ன செய்வது? நாடு முழுதும் நட்டாக வேண்டுமே! கட்டாயப்படுத்தி எவரையும் கூட்டுவாழ்வுக்குள் தள்ளலாகாது, மக்கள் தாமே உணர்ந்து வர வேண்டும் என்று 1968-ல் எழுதியவர் நைரேரே. அதே நைரேரே 1973 நவம்பரில், 1976 முடிவதற்குள் நாட்டுப்புறத்தார் அனைவரும் கிராமங்களில் குடியேறியாக வேண்டும் என்று ஆணையிட்டார்.

அவர் நோக்கம் தீயதன்று. சிதறிக் கிடக்கும் குடிசைகளுக்குப் பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் எப்படிக் கொண்டு செல்வது? ஓரிடத்தில் கூடினால் எளிதல்லவா? நியாயமான வாதம். ஆனால் உழவன் ஏன் சிதறி வாழ்ந்தான் என்று எவரும் கேட்கவில்லை. வாழைத் தோப்பு ஓரிடம், மேட்டு நிலம் ஓரிடம், மேய்ச்சல் ஓரிடம். எந்த மண் எந்த மழைக்கு விளையும் என்பது தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு. அதிகாரிகள் சாலையோரம் நேர்கோட்டிலே வீடுகளை வரிசையிட்டனர். தங்கள் வண்டி வந்து போக வசதியான இடம்! குறித்த நாளுக்குள் இத்தனை ஆயிரம் பேரைக் குடியேற்றினேன் என்று மேலிடத்துக்கு எழுத மாவட்டத்துக்கு மாவட்டம் போட்டி. மறுத்தவர்களை வண்டியில் ஏற்றினர். திரும்பிப் போகாதிருக்கச் சில இடங்களில் பழைய வீடுகளுக்குத் தீ வைத்தனர். ஐம்பது இலட்சத்துக்குக் குறையாத மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர் என்பது ஆய்வாளர் கூறும் கணக்கு. வறட்சியும் சேர்ந்துகொண்டது, உழவர் நிரம்பிய நாடு வெளிநாட்டுத் தானியத்துக்குக் கையேந்தியது.

பத்து வீட்டுத் தூதர்கள் அப்போது எங்கே இருந்தனர்? இருந்தார்கள். ஆணையைக் கொண்டு வந்து தந்தவர்கள், இன்ன நாளில் வீட்டைக் காலி செய் என்று சொன்னவர்கள், பல ஊர்களில் அவர்களேதாம்! குடிசையிலிருந்து கோட்டைக்கு நடக்க வேண்டிய தூதர், கோட்டையிலிருந்து குடிசைக்கு மட்டுமே நடக்கத் தொடங்கிவிட்டார். 1962-ல் தலைவர் தம் பதவியைத் துறந்து எதைக் கட்டப் போனாரோ, அந்தப் பாலம் ஒருவழிப் பாதையாகிவிட்டது.

கேட்க எவரும் இல்லையா? இருந்திருக்க வேண்டியவர்கள் இல்லை. 1962-லேயே விசாரணையின்றிச் சிறை வைக்கும் சட்டம் வந்துவிட்டது. 1964 ஜனவரியில் படைவீரர் கலகம் செய்ததையடுத்துத் தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். சங்கங்கள் அரசின் கையடக்கமாயின. இயக்கத்தின் முதற்செயலாளர் ஆஸ்கார் கம்போனா 1967-ல் நாட்டை விட்டே போனார். பெண்களைத் திரட்டிய பீபி தீத்தி, தேசத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு 1972-ல் மன்னிப்புப் பெற்று வெளிவந்தார். அவரவர் மீது சொல்லப்பட்ட குற்றங்களின் மெய்ம்மையை இங்கே ஆராயப் போவதில்லை. டபோரா மாநாட்டிலே எழுந்து நின்று, தலைவரே, நீர் சொல்வது தவறு என்று வாதாடிய குரல்கள் இருந்தன அல்லவா? அத்தகைய குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்டன. 1958-ல் நைரேரேயின் முடிவு அறிவார்ந்ததாக அமைந்ததற்கு அவர் அறிவு மட்டுமா காரணம்? எதிர்வாதம் அவர் வாதத்தைத் தீட்டியது. 1973-ல் தீட்டுக்கல் இல்லை.

பகைவர்கள் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்களே, நாமே சொல்வதா என்று ஒரு தோழர் வருந்தக்கூடும். பகைவன் சொல்வதில் பாதி பொய். அந்தப் பாதியை மறுக்கும் உரிமை, மீதியை ஒப்புக்கொள்பவனுக்கே உண்டு. விடுதலை பெற்றபோது அந்நாட்டில் பயிற்சி பெற்ற பொறியாளர் இருவர், மருத்துவர் பன்னிருவர் என்று நைரேரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். அவர் பதவி விட்டபோது, அரசுக் கணக்குப்படி, எழுத்தறிந்தோர் நூற்றுக்குத் தொண்ணூறு. ஜனாகியையும் சுகுமாவையும் சாகாவையும் சுவாஹிலி என்னும் ஒரு மொழியிலே பேசவைத்து, அண்டை நாடுகளை அழித்த இனப்போர் தம் நாட்டை அண்டாது காத்தார். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரையும் வெனிஸ் வணிகனையும் ஆட்சிப் பணிக்கிடையே தாமே சுவாஹிலியில் பெயர்த்தார். அன்னிய மொழியில் சொல்லத்தக்கது எதுவும் நம் மொழியிலும் சொல்லத்தக்கதே என்று காட்டினார். தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக் விடுதலைப் போராளிகட்கு டார் எஸ் சலாம் புகலிடம் ஆயிற்று. இவை பொய்யல்ல. வீடெரிந்த உழவன் கண்ணீரும் பொய்யல்ல.

1977-ல் அருஷா பிரகடனத்தின் பத்தாம் ஆண்டு. வேறொரு நாடாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? சாதனைப் பட்டியல், சிலை, அஞ்சல் தலை! நைரேரே ஒரு மதிப்பீட்டு அறிக்கையை எழுதிக் கட்சியின் முன் வைத்தார். தான்சானியா இன்னும் சமதர்ம நாடாகவும் இல்லை, தற்சார்பு பெறவும் இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். உற்பத்தி சுருங்கியதையும், அரசு நிறுவனங்களின் திறமைக் குறைவையும் மறைக்கவில்லை.

1985 நவம்பரில் குடியரசுத் தலைவர் பதவியைத் தாமாகவே விட்டார். ஆப்பிரிக்காவில் அந்நாளில் அது அருஞ்செயல். பதவியை விட்டவர்களைவிடப் பதவியிலேயே மாண்டவரும் கவிழ்க்கப்பட்டவருமே அதிகம். புட்டியாமாவுக்குத் திரும்பி நிலத்தை உழுதார். 1990-ல் கட்சித் தலைமையையும் விட்டார். விட்ட மறு ஆண்டே, சான்சிபாரில் கூடிய கட்சி, அருஷாவின் தலைமை விதிகளைத் தளர்த்தியது. பங்கு வைத்துக்கொள்ளலாம், வீட்டை வாடகைக்கு விடலாம்! அவர் எழுந்து போகக் காத்திருந்தார்கள் போலும்.

அதே நேரத்தில் வேறொரு கேள்வியும் எழுந்தது. ஒரே கட்சி போதுமா, பல கட்சி வேண்டுமா? எதிர்ப்பு இல்லாததால் நம் கட்சி சோம்பிவிட்டது, மக்களிடமிருந்து விலகிவிட்டது, இதைப் பற்றிப் பேசுவது பாவமன்று என்று முதலில் வாய் திறந்தவர்களில் ஒருவர், ஒரு கட்சி முறையை உண்டாக்கிய நைரேரேயே. தலைமை நீதிபதி நியலாலி தலைமையில் 1991-ல் ஆணையம் அமைந்தது. ஊர் ஊராகக் கருத்துக் கேட்டது. கருத்துரைத்தோரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர், இருக்கும் முறையே இருக்கட்டும் என்றனர். ஐந்தில் ஒருவரே மாற்றம் வேண்டினார்.

கட்சியைக் காப்பாற்ற எண்ணியவர்க்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஆனால் அந்த ஐந்தில் ஒருவருக்கும் இடம் வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. நைரேரே அதன் பக்கம் நின்றார். 1992-ல் சட்டம் திருத்தப்பட்டது.

1995-ல் பல கட்சிப் போட்டியோடு தேர்தல் வந்தது. கட்சியை உதறி வெளியேறிய உள்துறை முன்னாள் அமைச்சர் ஒருவர் எதிர்வேட்பாளராகப் பெருங்கூட்டம் திரட்டினார். எழுபத்து மூன்று வயது ஆசிரியர் புட்டியாமாவிலிருந்து புறப்பட்டார். தம் கட்சியில் மலிந்துவிட்ட ஊழலை மேடையிலேயே சாடிக்கொண்டு, தம் கட்சியின் வேட்பாளர் பெஞ்சமின் ம்காபாவுக்காக ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டார். கேட்ட மக்களில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் அளவில் வாக்களித்தனர். மற்றவர்கள் மாற்றாருக்கு அளித்தனர்.